சேலத்துத் தண்ணீருக்கு ஏற்ற ஷேவிங் சோப்பும் பிரஷ்ஷும்: வாங்குவது முதல் நுரை எழுப்புவது வரை

கேனை அமுக்கினால் வரும் ஃபோமை விட்டுவிட்டு பிரஷ், சோப்பு என்று பழைய முறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாசனையைப் பார்த்துச் சோப்பு வாங்குகிறார்கள், விலையைப் பார்த்து பிரஷ் வாங்குகிறார்கள், அப்புறம் கொஞ்ச நாளில் "நுரையே நிக்கல, இதெல்லாம் சும்மா பந்தா" என்று இரண்டையும் அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். சேலத்தில் இது அதிகம் நடக்கும். பழி சோப்பின் மேலும் பிரஷ்ஷின் மேலும் விழுந்தாலும் உண்மையான குற்றவாளி குழாய்த் தண்ணீர்தான். அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படி 1: முதலில் தண்ணீர்

சேலத்தில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒன்று, போர் தண்ணீர் இன்னொன்று. காவிரித் தண்ணீர் சமையலறைக்குப் போய்விடும், மாடித் தொட்டியில் ஏறி பாத்ரூம் குழாயில் இறங்குவது போர் தண்ணீர். நாம் ஷேவ் செய்வது பாத்ரூமில்.

ஊருக்கு வடக்கே மாமாங்கம், கருப்பூர் பக்கம் தோண்டி எடுக்கிற வெள்ளைக்கல்லின் பெயர் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இந்த மாதிரி பாறைகளுக்கிடையே ஊறி வரும் நிலத்தடி நீரில் மெக்னீசியமும் கால்சியமும் கரைந்துதான் இருக்கும். ஷேவிங் சோப்பில் நுரையைத் தாங்குவது ஸ்டியரிக் அமிலத்தின் உப்பு. அது இந்த இரண்டோடும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைத் திப்பியாக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதே, அதேதான். நீங்கள் போடும் சோப்பில் ஒரு பங்கு நுரையாகாமல் திப்பியாகவே போய்விடுகிறது, மீதிதான் முகத்துக்கு.

சோதிப்பது சுலபம். ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி வரை ஒன்றில் பாத்ரூம் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது 20 லிட்டர் கேன் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சாதாரண சோப்பைச் சுரண்டிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து நுரை எதில் எவ்வளவு நிற்கிறது, அடித் தண்ணீர் எதில் பால் மாதிரி கலங்கியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் அது காட்டும், அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லாது. இந்தியத் தரநிலை 10500-இன்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்த இரண்டும் சேர்ந்த அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. 600-ஐக் குடித்துவிடலாம், ஆனால் அதில் ஷேவிங் சோப்பைக் குழைப்பது மல்லுக்கட்டுதான்.

பாத்ரூம் தண்ணீர் தோற்றால் பயப்பட வேண்டாம், ஒரு ஷேவுக்கு நுரைக்காகச் செலவாகும் தண்ணீர் ஒரு டம்ளர் கூட வராது. காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு, பிரஷ் ஊறுவதையும் நுரை அடிப்பதையும் அதிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ரேசரை அலச, முகம் கழுவ எல்லாம் குழாய்த் தண்ணீர் போதும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அதனால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் குறையும், மிச்சம் அப்படியே இருக்கும்.

படி 2: டியூபா, வட்டச் சோப்பா, குச்சியா

டியூப் கிரீமில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். விரல் நுனி அளவு பிதுக்கி, ஈர பிரஷ்ஷால் சுழற்றினால் நுரை வந்துவிடும். இதுவரை பிரஷ்ஷே பிடிக்காதவர்கள் இதில் தொடங்குவதுதான் சரி. கோத்ரேஜ், பாமோலிவ், வி-ஜான் மாதிரி டியூப்கள் மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன, விலையும் கையைக் கடிக்காது. இவற்றை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வட்டச் சோப்பு கெட்டியாக இருக்கும், ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் வரும். பிரஷ்ஷை அதன் மேல் அரை நிமிடமாவது சுழற்றிச் சோப்பை ஏற்ற வேண்டும், அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. கிரீமுக்கும் கெட்டிச் சோப்புக்கும் நடுவே, விரலால் அமுக்கினால் குழியும் பதத்தில் டப்பாவில் வரும் மென்சோப்பு ஒன்று உண்டு. இத்தாலியின் புரோராசோ, செல்லா டப்பாக்கள் இந்த வகை. குச்சிச் சோப்பை நேராக ஈரத் தாடி மேல் தேய்த்துவிட்டு, பிரஷ்ஷை முகத்திலேயே சுழற்றி நுரை எழுப்பலாம். கிண்ணமே வேண்டாம், ஊருக்குப் போகும்போது பையில் போட வசதி. துருக்கியின் ஆர்கோ குச்சி விலை குறைவு, நுரை பிரமாதம், வாசனை மட்டும் சிலருக்கு லாட்ஜ் பாத்ரூமை நினைவுபடுத்தும்.

குளியல் சோப்பையே பிரஷ்ஷில் குழைத்தால் ஆகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நுரை வரும், ஆனால் நிற்காது. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் சோப்பும் ஸ்டியரிக் அமிலமும் அதிகம், அதனால்தான் அந்த நுரை அடர்த்தியாக, கத்தி வரும்வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. குளியல் சோப்பு நுரை ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் இன்னொரு கன்னத்தில் காய்ந்துபோகும்.

படி 3: பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்

முன்பக்கம் போட்டிருக்கும் சந்தனம், மென்தால், எலுமிச்சைப் படமெல்லாம் விளம்பரம். பின்னால் உள்ள பட்டியலில் அதிகமாக உள்ள பொருள் முதலில் வரும். முதல் நான்கைந்து பெயருக்குள் ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தேங்காய் எண்ணெய் அல்லது தேங்காய் ஆசிட், கிளிசரின் இவையெல்லாம் இருந்தால் அது முறையான ஷேவிங் சோப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் இருந்து பொட்டாசியம் இல்லையென்றால், ஷேவிங் சோப்பு என்ற பெயரில் குளியல் சோப்பை விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நம் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. அல்லது டைசோடியம் ஈ.டி.டி.ஏ. என்று ஒரு பெயர் இருக்கிறதா? அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள், சோப்பு திப்பியாவது அந்த அளவுக்குக் குறையும். அளவு கொஞ்சம்தான் என்பதால் அம்மாப்பேட்டை போர் தண்ணீரை அது காவிரியாக மாற்றிவிடாது, ஆனாலும் விலையிலும் வாசனையிலும் ஒத்த இரண்டு சோப்பில் இது உள்ளதை எடுங்கள்.

டேலோ என்றால் மாட்டுக் கொழுப்பு மாதிரியான மிருகக் கொழுப்பு. பட்டியலில் பொட்டாசியம் டேலோவேட், சோடியம் டேலோவேட் என்று வரும், மேலே சொன்ன ஆர்கோ குச்சியிலும் அது இருக்கலாம். டேலோ சோப்பு முகத்தில் நன்றாக வழுக்கும், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் வீட்டில் சைவம் கடைப்பிடிப்பவர்கள் கையில் வாங்கிய பிறகு தெரிந்து சங்கடப்படுவதைவிட முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே தயாராகும் பல டியூப்களில் பச்சைப் புள்ளி இருக்கும். வெளிநாட்டுச் சோப்பில் அதை எதிர்பார்க்க முடியாது, பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

தோல் சட்டெனச் சிவக்கிற ஆளாக இருந்தால் முதல் சோப்பு மென்தால் இல்லாததாகவும் வாசனை குறைவாகவும் இருக்கட்டும். புதுச் சோப்பின் நுரையை முழங்கையின் உள்பக்கம் சில நிமிடம் வைத்துக் கழுவி, மறுநாள் வரை அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

படி 4: பிரஷ்

மூன்று வகை. பன்றி முடி, பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கின் முடி, செயற்கை இழை. குதிரை முடியும் உண்டு, இங்கே அதிகம் கண்ணில் படாது.

பன்றி முடி விலை குறைவு, அமுக்கினாலும் துவளாத விறைப்பு உள்ளது, கெட்டிச் சோப்பிலிருந்து நன்றாகச் சோப்பை ஏற்றும். இத்தாலியின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் இரண்டும் இதில் பெயர் வாங்கியவை. புதிதில் குத்தும், மணமும் அடிக்கும். பல வாரம் பழகியபின் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாகப் பிளந்து மெத்தென்று ஆகும், அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கிய பிரஷ் ஆயிரக்கணக்கில் வாங்கியதோடு போட்டி போடும். மத நம்பிக்கையாலோ சைவத்தாலோ இது வேண்டாம் என்பவர்கள் வீட்டில் பலர் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள், பரிசாகக் கொடுப்பதென்றால் இன்னும் கட்டாயம்.

பேட்ஜர் தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும். பியூர், பெஸ்ட், சில்வர்டிப் என்று தரம் போட்டிருப்பார்கள், ஆனால் இந்தப் பெயர்களுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவர் பெஸ்ட் என்பது இன்னொருவர் பியூர். முதல் பிரஷ்ஷுக்கு இவ்வளவு காசு போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செயற்கை இழை என்றதும் பஸ் ஸ்டாண்ட் ஃபேன்சி கடையில் தொங்கும் விறைத்த நைலான் பிரஷ்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு. இப்போது வருவது முடியைவிட மெல்லிய இழை, முதல் நாளே மெத்தென்றிருக்கும், ஊறப்போட வேண்டாம், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பழக்கவும் வேண்டாம். சீனாவின் யாக்கி மாதிரி கம்பெனிகள் இதைச் சகாய விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. சோப்பைத் தனக்குள் அதிகம் வைத்துக்கொள்ளாமல் முகத்துக்கே கொடுத்துவிடும் என்பதால் உப்புத் தண்ணீர் ஊரில் இது ஒரு படி மேல். சேலத்தில் முதல் பிரஷ் எது என்று கேட்டால் என் பதில் கண்ணை மூடிக்கொண்டு செயற்கை இழைதான்.

அளவு: கைப்பிடியிலிருந்து கற்றை புறப்படும் இடத்தின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர், இழையின் உயரம் 50 முதல் 55 வரை இருந்தால் எல்லா முகத்துக்கும் சரிவரும். 28, 30 என்று போனால் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் நுரை போகும். உயரம் கூடக் கூட பிரஷ் துவளும். குச்சிச் சோப்புக்காரர்களுக்குக் கொஞ்சம் கட்டை குட்டையாக இருப்பதே நல்லது. கைப்பிடி ரெசினாக இருக்கட்டும், மரம் பார்க்க அழகுதான், ஆனால் தினமும் நனைந்து காய்ந்தால் வெடிப்பு விடும்.

கடையில் கையில் எடுத்தால், கற்றையின் அடியை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள், ஆடக்கூடாது. நுனியை மெல்ல இழுத்தால் ஓரிரு முடி வரலாம், கொத்தாக வந்தால் வைத்துவிடுங்கள். பேட்ஜர் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் சாயம் போட்ட பன்றி முடியாக இருக்கலாம், வெந்நீரில் ஊறவைத்தால் தண்ணீர் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய சாமான் கடையில் தந்தக் கைப்பிடி, வெள்ளிக் கைப்பிடி என்று யாராவது அந்தக் காலத்து பிரஷ் காட்டினால் கைப்பிடிக்காக வேண்டுமானால் வாங்குங்கள், முடியை முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடி பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் வந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தந்தமென்றால் வனவிலங்குச் சட்டத் தொல்லை வேறு.

படி 5: எங்கே வாங்குவது

டியூப் கிரீம் எங்கும் கிடைக்கும். சலூன்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகள் சின்னக்கடை வீதி, முதல் அக்ரஹாரம் பக்கம் தேடினால் தட்டுப்படும். அங்கே பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் லாபம். வெளிநாட்டுச் சோப்பும் நல்ல செயற்கை இழை பிரஷ்ஷும் வேண்டுமென்றால் ஆன்லைன்தான் வழி. இந்தியாவுக்குள் இருப்பு வைத்து விற்பவரிடம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர்காரர் கட்டணமும் சேர்ந்து மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, பழைய ஸ்டாக்கில் பழைய விலை ஒட்டியிருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள்.

கிண்ணத்துக்கு மட்டும் தயவுசெய்து தனியாகக் காசு கொடுக்காதீர்கள். உருக்காலையே ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிற ஊரில் இருந்துகொண்டு ஆன்லைனில் ஷேவிங் பவுல் வாங்குவது அநியாயம். உள்ளங்கையில் அடங்கும் எவர்சில்வர் கிண்ணம் வீட்டில் இருக்கும், சமையலறையில் கேட்டுவிட்டு எடுங்கள். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் அடியில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள், நுரை சீக்கிரம் வரும்.

படி 6: புது பிரஷ்ஷைத் தயார் செய்வது

செயற்கை இழை என்றால் ஷாம்பு போட்டு ஒரு கழுவு, முடிந்தது. பன்றி முடிக்குத்தான் வேலை. ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை அலசி, பிறகு ஒரு வாரம் ஷேவ் செய்கிறீர்களோ இல்லையோ தினமும் உள்ளங்கையில் நுரை அடித்துக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் நுனி பிளக்கும். ஆரம்ப நாட்களில் சில முடி உதிர்வது சகஜம், வாரங்கள் போயும் உதிர்ந்துகொண்டே இருந்தால் அது பழுதான பிரஷ், திருப்பிக் கொடுங்கள். கொதிக்கும் தண்ணீர் மட்டும் ஆகாது, கற்றையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். கை தாங்கும் சூடு போதும்.

படி 7: நுரை

குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்யுங்கள், தாடி ஊறியிருக்கும். பன்றி முடி, பேட்ஜர் பிரஷ்ஷை நல்ல தண்ணீர் டம்ளரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, எடுத்து இரண்டு உதறு உதறுங்கள். சொட்டச் சொட்டவும் இருக்கக் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது.

சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள், உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் முக்கால் நிமிடம். முதலில் குமிழியாக வரும், அது கணக்கில்லை, நுனியில் கெட்டியான பசை படிந்த பிறகே நிறுத்த வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் பின்னால் என்ன செய்தும் நுரை நிற்காது. கிரீம் என்றால் கிண்ணத்தில் ஒரு பாதாம் பருப்பளவு.

அப்புறம் கிண்ணத்தில் சுழற்ற ஆரம்பித்து, விரல் நுனியால் சில சொட்டு, சுழற்று, மறுபடி சில சொட்டு. ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பார்க்க வெள்ளையாக, விறைப்பாக, கேக் மேல் வைப்பது போல நிற்கும் ஒரு கட்டம் வரும். புதியவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் தாகம் தீராத நுரை, கத்தி இழுத்தால் வறண்டு பிடிக்கும். இன்னும் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் விறைப்பு இறங்கி மேற்பரப்பு பளபளக்கும், குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரலுக்கு இடையே தேய்த்தால் பிடிமானமே இல்லாமல் வழுக்க வேண்டும். அதுதான் பதம். பெரிய குமிழிகள் வெடித்துக்கொண்டு கன்னத்தில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, பிரஷ்ஷை மறுபடி சோப்பில் பத்து சுற்று சுற்றிச் சேர்த்துவிடலாம், கொட்ட வேண்டியதில்லை.

முகத்தில் முதலில் வட்டமாகச் சுழற்றி முடியைத் தூக்கிவிட்டு, கடைசியில் பெயிண்ட் அடிப்பது போல மேலும் கீழும் இழுத்துச் சமப்படுத்துங்கள். கற்றையை அடிவரை நசுக்காதீர்கள், நுனிதான் வேலை செய்ய வேண்டும். ஒரு தரம் மழித்தபின் இரண்டாவது தடவைக்கும் பிரஷ்ஷிலேயே நுரை மிச்சம் இருக்கும். முடிந்ததும் படிகாரம் தேய்க்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கையை கழுவிவிட்டு பிரஷ்ஷைத் தொடுங்கள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில், அதாவது 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், கணக்கே மாறிவிடும். ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் புழங்கும் வீடுகளில் அதே சோப்பு சட்டென்று பொங்கும், கீழே போட்ட அளவில் பாதி போதும். அங்கே தொல்லை ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி ஜன்னல் திறக்க முடியாத நாட்களில் பன்றி முடி பிரஷ் இரண்டு நாளானாலும் அடியில் ஈரமாகவே இருக்கும், பூஞ்சை வாடை வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் செயற்கை இழையே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இரண்டு பிரஷ்ஷை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். சோப்பு டப்பாவையும் ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். குளிர்காலை என்றால் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு நுரை அடித்தால் கடைசி வரை சூடாக இருக்கும், இந்தச் சுகம் கீழே ஏப்ரல் மாதச் சேலத்தில் யாருக்கும் வேண்டியிருக்காது.

பராமரிப்பு, அடுத்த சோப்பு

ஷேவ் முடிந்ததும் தண்ணீர் தெளிவாக வரும்வரை பிரஷ்ஷை அலசி, உதறி, துண்டில் முன்னும் பின்னும் நான்கு முறை தடவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நிற்கவைத்தாலும் தொங்கவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மூடிய அலமாரிதான் கூடாது. போர் தண்ணீரில் அலசுகிறவர்கள் பிரஷ்ஷின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கவனித்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகரைப் பத்து பங்கு தண்ணீரில் கலந்து, அதில் கற்றையை மட்டும் சில நிமிடம் ஆட்டி எடுத்து, கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசினால் அந்தத் திப்பி கரைந்து போய்விடும்.

முதல் சோப்பு தீரும் முன்பே இரண்டாவது, மூன்றாவது வாங்கத் தோன்றும், இந்தப் பழக்கத்தில் எல்லோருக்கும் வருவதுதான். வாங்குவதாக இருந்தால், முதலாவது கிரீம் என்றால் இரண்டாவது மென்சோப்பு, அதுவும் நன்றாக வந்த பிறகு கெட்டி வட்டச் சோப்பு. பிரஷ்ஷை மாற்றாமல் சோப்பை மட்டும் மாற்றுங்கள், தண்ணீரும் அதே தண்ணீராக இருக்கட்டும். அப்போதுதான் எது நுரைத்தது, எது ஏமாற்றியது என்று தெரியும்.